லிட்டில் பிக்ஹார்ன்: ஒரு வெற்றுத் தோட்டாவின் வாழ்க்கை

சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். செம்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி இழுத்துச் செய்த குழல். ஒரு முனை திறந்திருக்கிறது. மறுமுனை மூடி, சுற்றிலும் விளிம்பு கட்டியிருக்கிறது. மூடிய முனையின் நடுவில் ஊசி குத்திய பள்ளம். விளிம்பை ஒட்டி இரு பக்கமும் கிள்ளிவிட்டாற்போல் இரண்டு நசுங்கல்கள். எழுத்து இல்லை, எண் இல்லை, ஆண்டு இல்லை. மண்ணில் கிடந்து பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றை ஒட்டிய மேடுகளில் இப்படிப்பட்ட வெற்றுத் தோட்டாக்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. 1876 ஜூன் 25-ஆம் தேதி அந்த மேடுகளில் 7-ஆவது குதிரைப்படை ரெஜிமென்டின் ஐந்து கம்பெனிகள் அழிந்தன. லெப்டினன்ட் கர்னல் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரும் அவரோடு நின்ற சுமார் 210 பேரும் மாண்டார்கள். கடைசிவரை உடன் நின்ற சிப்பாய் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. அவர்கள் எந்த வழியாகப் போனார்கள், எங்கே நின்றார்கள், எங்கே உடைந்தார்கள் என்ற வாதம் ஒன்றரை நூற்றாண்டாக ஓயவில்லை. அந்த வழக்கில் மிகத் தாமதமாகக் கூண்டேறிய சாட்சி இந்தச் செம்புக் கூடு. ஒன்றின் கதையைச் சொன்னால் போதும், மற்றவற்றின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

பிறந்த வீடு

1873-இல் அமெரிக்க ராணுவம் புதிய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. காலாட்படைக்கு நீளத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குட்டையான கார்பைன். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். பின்பக்கம் டிரங்குப் பெட்டியின் மூடிபோல் மேல்நோக்கித் திறக்கும் கதவு ஒன்று உண்டு. அதைத் தூக்கி, தோட்டாவைச் செருகி, மூடிச் சுட வேண்டும். மறுபடி திறந்தால் உள்ளிருக்கும் கொக்கி வெற்றுக் கூட்டை விளிம்பைப் பிடித்து வெளியே தள்ளும்.

இதற்கான தோட்டாக்கள் பிலடெல்பியாவிலிருந்த ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலையில் பிறந்தன. குண்டின் குறுக்களவு 0.45 அங்குலம். கார்பைன் தோட்டாவுக்கு 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம் கருமருந்து. அதன் முன்னால் 405 கிரெயின் எடையுள்ள ஈயக் குண்டு. நம் கணக்கில் 26 கிராம். பிற்காலத் தோட்டாவின் அடியில் தெரியும் வட்டப் பொட்டு இதில் கிடையாது. தட்டினால் தீப்பற்றும் மருந்தைச் சிறு கிண்ணியில் வைத்து உள்ளே பொருத்தி, வெளியிலிருந்து இரண்டு இடத்தில் நசுக்கி இறுக்கிவிடுவார்கள். அந்த நசுங்கல்கள்தான் விளிம்பருகே தெரிபவை.

அடியில் எழுத்தும் மாதமும் ஆண்டும் பொறிக்கும் வழக்கம் அந்த ஆயுதசாலைக்கு 1877-இல்தான் வந்தது. இந்தச் சில்லறை விவரம் நூறாண்டு கழித்துக் கைகொடுத்தது. ராணுவத் தோட்டாவின் அடியில் எழுத்து இருந்தால் அது போருக்குப் பிறகு விழுந்தது. மொட்டையாக இருந்தால் விசாரிக்கத் தகுந்தது.

செம்பு மிருதுவான உலோகம். வெடித்த சூட்டில் உப்பி, துப்பாக்கியின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சிப்பாய்கள் தோட்டாக்களை இடுப்புத் தோல்வாரில் செருகி வைத்தார்கள். தோலிலுள்ள பதனச் சாறு பட்டால் செம்பில் களிம்பு ஏறும், களிம்பேறிய கூடு சூட்டில் இன்னும் இறுகும். அப்போது கொக்கி விளிம்பை மட்டும் கிழித்துக்கொண்டு வர, கூடு உள்ளேயே தங்கிவிடும். கார்பைனில் குத்தித் தள்ள கம்பியும் கிடையாது. கத்திமுனையால் நெம்ப வேண்டியதுதான்.

மேற்கே ஒரு பயணம்

1868-இல் ஃபோர்ட் லாரமியில் செய்த ஒப்பந்தம் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதியை லக்கோட்டா மக்களுக்கு விட்டுக்கொடுத்தது. 1874-இல் அங்கே ஒரு படைப்பயணம் போய், தங்கம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னது. அந்தப் பயணத்தின் தலைவர் கஸ்டரேதான். தங்க வேட்டைக்காரர்கள் மொய்த்தார்கள். மலையை விலைக்குக் கேட்டும் லக்கோட்டாக்கள் தரவில்லை. 1876 ஜனவரி 31-க்குள் எல்லோரும் அரசு குறித்த குடியிருப்புகளுக்கு வந்துவிட வேண்டும், வராதவர்கள் பகைவர்கள் என்று அரசு கெடு வைத்தது. சிட்டிங் புல், கிரேஸி ஹார்ஸ் முதலிய தலைவர்கள் வரவில்லை. மூன்று திசையிலிருந்து மூன்று படைகள் கிளம்பின.

கஸ்டரின் ரெஜிமென்ட் மே 17-ஆம் தேதி டகோட்டாவின் ஃபோர்ட் ஏப்ரகாம் லிங்கனிலிருந்து புறப்பட்டது. வழியில், பவுடர் ஆற்று முகாமில் வாள்களை இறக்கி வைத்தார்கள். பீரங்கி வண்டிபோல் இழுக்க வேண்டிய கேட்லிங் துப்பாக்கிகள் வேகத்தைக் கெடுக்கும் என்று கஸ்டர் வேண்டாமென்றார். ஆளுக்கு 100 கார்பைன் தோட்டா. பாதி உடம்பில், மீதி குதிரையின் சேணப்பையில். கைத்துப்பாக்கிக்கு 24. மேலதிகத் தோட்டாக்கள் பெட்டி பெட்டியாகக் கோவேறு கழுதைகள் மேல் பின்னால் வந்தன.

ஜூன் 25 நண்பகலில் கஸ்டர் படையைப் பிரித்தார். மூன்று கம்பெனிகள் மேஜர் ரீனோவிடம், மூன்று கேப்டன் பென்டீனிடம், ஒன்று கழுதைகளுக்குக் காவல், ஐந்து தன்னிடம். ரீனோ பள்ளத்தாக்கு வழியே, ஆற்றோரம் இருந்த லக்கோட்டா, செயென் மக்களின் கிராமத்தின் தென்முனையைத் தாக்கி, விரட்டப்பட்டு, ஆற்றைக் கடந்து மேட்டில் ஏறிக்கொண்டார். பென்டீனும் அங்கே வந்து சேர்ந்தார். கஸ்டர் கிழக்கு மேடுகள் வழியாக வடக்கே போனார். சீக்கிரம் வா, சுமைகளைக் கொண்டு வா என்று பென்டீனுக்கு எழுதியனுப்பிய சீட்டுதான் அவர் தரப்பிலிருந்து வந்த கடைசிச் செய்தி. அதைக் கொண்டுவந்த இத்தாலியக் குழலூதி ஜான் மார்ட்டின் அதனாலேயே பிழைத்தார். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ராணுவத்தின் பக்கம் வாய் இல்லை.

சுடப்பட்ட நொடி

குதிரைப்படை தரையிறங்கிச் சண்டையிடும்போது நான்கு பேரில் ஒருவர் நான்கு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். மற்ற மூவரும் சில கஜ இடைவெளியில் வரிசையாகப் பரவி நிற்பார்கள். ஒவ்வொருவரும் சுட்டு, கதவைத் திறக்க, வெற்றுக் கூடு வலப்பக்கமாகவோ பின்னாலோ காலடியில் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும் வாதமெல்லாம் இந்த விழுதலின் மேல்தான் நிற்கிறது. குண்டு எங்கோ போய்விடுகிறது; கூடு, சுட்டவன் நின்ற இடத்திலேயே கிடக்கிறது.

கூட்டின் அடியில் கார்பைனின் ஊசிமுனை குத்திய தடமும், கொக்கி பிடித்து இழுத்த கீறலும் பதிகின்றன. ஊசிமுனையின் தேய்மானம், சிறு பிசிறு, மையம் விலகிய அளவு ஆகியவை துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். ஆகவே ஒரே துப்பாக்கி இரண்டு இடத்தில் உமிழ்ந்த கூடுகளைப் பின்னொரு நாளில் ஒன்று சேர்த்துப் பார்த்தால், அந்தத் துப்பாக்கி இங்கிருந்து அங்கே போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நூறாண்டு உறக்கம்

மூன்று நாள் கழித்துச் சிப்பாய்கள் பிணங்களை அவசரமாக மண்ணிட்டு மூடினார்கள். 1881-இல் எலும்புகளைத் திரட்டிக் குன்றின் உச்சியில் ஒரே குழியில் புதைத்து, மேலே கருங்கல் தூண் நிறுத்தினார்கள். 1890-இல் ஒவ்வொருவர் விழுந்த இடத்திலும் சலவைக்கல் நட்டார்கள். இறந்தவர்கள் சுமார் 210, நட்ட கல் ஏறத்தாழ 250. இன்றுவரை அந்தக் கணக்கு உதைக்கிறது.

களத்துக்கு வந்தவர்கள் தோட்டாக்களை ஞாபகார்த்தமாகப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். சாலை போட்டபோதும் தூண் நட்டபோதும் மண் புரண்டது. இதற்கிடையே நாடெங்கும் வேறொரு கஸ்டர் பிறந்தார். 1896 முதல் ஆன்ஹைசர்-புஷ் பீர் நிறுவனம் மதுக்கடைகளுக்கு அச்சிட்டுக் கொடுத்த படத்தில், குன்றின் மேல் கடைசி ஆளாக நின்று வாளை ஓங்குகிறார் கஸ்டர். வாள்கள் பவுடர் ஆற்றங்கரையில் கிடந்தன என்பது படம் பார்த்தவர்களுக்குத் தெரியாது. குன்றைச் சுற்றி வளையம் கட்டி, கடைசித் தோட்டா தீரும்வரை சிப்பாய்கள் நின்றார்கள் என்பதே பள்ளிப்பிள்ளைகள்வரை போய்ச் சேர்ந்த கதை.

நேரில் பார்த்தவர்கள் இல்லாமலில்லை. லக்கோட்டா, செயென் வீரர்கள் பலர் தாங்கள் கண்டதைச் சொல்லியிருந்தார்கள். ரெட் ஹார்ஸ் 1881-இல் படமாகவே வரைந்து கொடுத்தார். 1886-இல், பத்தாம் ஆண்டு நினைவுக்கு வந்த கால் என்ற தலைவர் களத்தில் நின்று விளக்கினார். பசித்தவன் ஒரு வேளை சாப்பாடு சாப்பிடும் நேரம்தான் சண்டை என்றார்கள் சிலர். சிப்பாய்கள் கலைந்து, குழம்பி, எருமை மந்தைபோல் ஓடினார்கள் என்றார்கள் சிலர். வெள்ளை வரலாற்றாசிரியர்கள் பலர் இதையெல்லாம் தள்ளுபடி செய்தார்கள். பகைவன் சொல், மொழிபெயர்ப்பாளன் திரித்திருப்பான், ஒருவர் சொல்வது இன்னொருவர் சொல்வதோடு ஒட்டவில்லை என்பவை அவர்கள் சொன்ன காரணங்கள்.

தோட்டாக்களை முதலில் சாட்சிக்கு அழைத்தவர்கள் உள்ளூர் ஆர்வலர்கள். 1928-இல் ஜோசப் பிளம்மர் என்பவர் இன்றைய நினைவிடத்தின் எல்லைக்கு வெளியே, மெடிசின் டெயில் ஓடைக்கு வடக்கேயுள்ள முகட்டில் ராணுவத் தோட்டாக் கூடுகளைக் கண்டார். பிறகு அந்த முகட்டில் இன்னும் பல கிடைத்தன. கஸ்டரின் ஆட்கள் அத்தனை கிழக்கே, அத்தனை உயரத்தில் நின்று சுட்டிருக்கிறார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி.

நெருப்பு திறந்த கதவு

1983 ஆகஸ்டில் புல்வெளியில் தீப்பிடித்தது. சுமார் 600 ஏக்கர் எரிந்தது. நூறாண்டுப் புல்லும் புதரும் சாம்பலாக, தரை மொட்டையாகத் தெரிந்தது. தொல்லியலாளர் ரிச்சர்ட் ஃபாக்ஸ் நடந்து பார்த்தார், எலும்பும் உலோகமும் மேலேயே கிடந்தன. 1984, 1985 ஆண்டுகளில் தேசியப் பூங்காத் துறையின் டக்ளஸ் ஸ்காட் தலைமையில் ஃபாக்ஸ் உள்ளிட்ட குழு முறையான ஆய்வில் இறங்கியது.

தொல்லியலாளர்கள் அதுவரை புதையல் திருடர்களின் கருவி என்று முகம் சுளித்த மெட்டல் டிடெக்டரை அவர்கள் கையிலெடுத்தார்கள். தன்னார்வலர்கள் சில மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, கருவியை இடமும் வலமும் வீசியபடி முன்னேறுவார்கள். ஒலி கேட்ட இடத்தில் சிறு கொடி நடுவார்கள், பொருளைத் தொடமாட்டார்கள். பின்னால் வரும் இரண்டாவது குழு மண்ணை மெல்ல விலக்கி, பொருள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று குறிக்கும். மூன்றாவது குழு அளவைக் கருவியால் அதன் இடத்தை வரைபடத்தில் ஏற்றி, எண் கொடுத்து, பையில் போடும். ஆயிரக்கணக்கான பொருள்கள் இப்படி எழுந்தன.

பிறகு அந்தக் கூடு குற்றவியல் ஆய்வகத்துக்குப் போனது. இரண்டு கூடுகளின் அடியை ஒரே பார்வையில் பக்கம் பக்கமாகக் காட்டும் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் ஊசித் தடங்களைப் பொருத்திப் பார்த்தார்கள். கொலை வழக்கில் செய்யும் வேலையை ஒரு போர்க்களம் முழுமைக்கும் செய்தார்கள். எந்தத் துப்பாக்கி எங்கெங்கே சுட்டது என்ற பட்டியல் விரிந்தது. தனியார் சேகரிப்பிலிருந்த சில பழைய துப்பாக்கிகளைச் சோதனைக்காகச் சுட்டுப் பார்த்தபோது, களத்தில் கிடைத்த கூடுகளோடு அவை பொருந்தியதும் உண்டு.

லக்கோட்டா, செயென் வீரர்கள் பக்கத்துத் துப்பாக்கிகளும் வாய் திறந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட வகைத் துப்பாக்கிகள் அன்று முழங்கியிருக்கின்றன. ஹென்றி, வின்செஸ்டர் போன்று அடுக்கடுக்காகச் சுடும் துப்பாக்கிகள் வீரர்களிடம் நிறையவே இருந்தன. ஹென்றியின் ஊசிக்கு இரட்டை முனை. கூட்டின் விளிம்பில் எதிரெதிராக இரண்டு குத்து விழும். அந்த இரட்டைக் குத்துக் கூடுகள் குவிந்து கிடந்த ஒரு முகட்டுக்கு ஆய்வாளர்கள் ஹென்றிவில் என்றே பெயர் வைத்தார்கள்.

வாதமும் எதிர்வாதமும்

கூடுகளின் இடங்களை இணைத்து ஃபாக்ஸ் 1993-இல் வெளியிட்ட நூலில் ஒரு நகர்வை வரைந்தார். கஸ்டர் தன் ஐந்து கம்பெனிகளை இரண்டு பிரிவாக்கினார். இரண்டு கம்பெனிகள் மெடிசின் டெயில் ஓடை வழியே ஆற்றுத்துறைக்கு இறங்கின. மூன்று கம்பெனிகள் மேல் முகட்டில் நின்று சுட்டு அவர்களுக்குக் காவல் காத்தன. துறையில் கிடைத்த பொருள்கள் குறைவு என்பதால் அங்கே பெரிய மோதல் இல்லை. பிறகு எல்லோரும் வடக்கே நகர்ந்தார்கள். லெப்டினன்ட் ஜேம்ஸ் கல்ஹூன் பெயர் கொண்ட மேட்டில், ராணுவக் கூடுகள் இடைவெளி விட்டு வரிசையாகக் கிடந்தன. ஒழுங்கு குலையாத அணியின் அடையாளம் அது. அங்கிருந்து வடக்கே போகப் போக வரிசை கலைகிறது. கேப்டன் கியோவின் கம்பெனி விழுந்த சரிவில் ராணுவக் கூடுகள் அருகுகின்றன. கல்ஹூன் மேட்டில் சுட்ட சில கார்பைன்களின் தடம் இந்தச் சரிவிலும் அதற்கப்பாலும் தென்படுகிறது. அதே துப்பாக்கியோடு ஆள் ஓடியிருக்கிறான். தூண் நிற்கும் உச்சிக் குன்றில் ராணுவக் கூடுகள் சொற்பம். படம் காட்டிய நீண்ட கடைசிப் போராட்டம் அங்கே நடந்ததற்கு மண்ணில் சான்று போதவில்லை. ஃபாக்ஸின் முடிவு, அணி குலைந்ததுதான் தோல்வி என்பது.

கூடு சிக்கிக்கொண்ட கார்பைன்தான் கஸ்டரைக் கொன்றது என்ற பழைய வாதத்தையும் கூடுகள் சுருக்கிவிட்டன. சண்டை முடிந்த கையோடு ரீனோ இதுபற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்தார். ஆனால் கத்தியால் நெம்பிய கீறல் கிடைத்த கூடுகளில் நூற்றுக்கு மூன்றளவில்தான் தென்பட்டது.

எதிர்வாதங்கள் லேசானவையல்ல. நூறாண்டு காலம் பொறுக்கியது போக மிஞ்சியதை வைத்துக்கொண்டு, சொற்பம் என்று எப்படிச் சொல்வது? அதிகம் பேர் நடந்த உச்சிக் குன்றில்தானே அதிகம் களவு போயிருக்கும்? பொறுக்கியவர்கள் ராணுவக் கூடு, வீரர்கள் கூடு என்று பார்த்துப் பொறுக்கவில்லை, ஆகவே விகிதம் பொய்க்காது என்பது இதற்குப் பதில். அடுத்த கேள்வி இன்னும் கூரானது. ஸ்பிரிங்ஃபீல்டு கூடு என்றால் சுட்டவன் சிப்பாய்தானா? வீழ்ந்தவனின் கார்பைனை வீரன் எடுத்து அடுத்த நொடியே சுட்டிருப்பான். குதிரைகளை மிரட்டி ஓட்டி, சேணப்பையிலிருந்த தோட்டாக்களைக் கைப்பற்றியதை வீரர்களே சொல்லியிருக்கிறார்கள். களத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 0.45 அங்குலத் தோட்டாவை 0.50 அங்குலத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டதால் உப்பிப் பிளந்த கூடுகள் கிடைத்தன. அந்தத் துப்பாக்கி 7-ஆவது ரெஜிமென்டின் கார்பைன் அல்ல.

ஆகவே கூடு மட்டும் போதாது. எங்கே சுட்டது என்று அது சொல்லும். எப்போது, யார், ஏன் என்று சொல்லாது. அந்த மூன்றுக்கும் விடை ஒதுக்கப்பட்டவர்களின் வாக்குமூலத்தில்தான் இருந்தது. கஸ்டரின் ஒரு பிரிவு உச்சிக் குன்றையும் தாண்டி வடமேற்கே இன்னொரு ஆற்றுத்துறை வரை போய்த் திரும்பியது என்ற செய்தியை, அந்தச் சண்டையில் இறந்த செயென் வீரர் லேம் ஒயிட் மேனின் பேரன் ஜான் ஸ்டாண்ட்ஸ் இன் டிம்பர் செயென் முதியவர்களிடம் கேட்டுச் சொன்னார். ஃபாக்ஸ் அதைத் தன் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார். அணி குலைந்து ஓடினார்கள் என்ற பேச்சும், கல்ஹூன் மேட்டிலிருந்து வடக்கே கலைந்த தடமும் ஒன்றையொன்று தாங்கின.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஈ கம்பெனியைச் சேர்ந்த 28 பேர் ஆழ்ந்த பள்ளம் ஒன்றில் கிடந்ததாகப் புதைத்தவர்கள் சொன்னார்கள். தோண்டியவர்களுக்கு அங்கே அந்த எலும்புகள் கிடைக்கவில்லை. வண்டல் மூடிவிட்டது என்கிறது ஒரு கட்சி. அவர்கள் விழுந்த பள்ளமே வேறு என்று 1994-இல் கிரிகரி மிச்னோ ஒரு நூலே எழுதினார். எலும்பு கிடைக்காதவரை இரண்டு கட்சியும் உயிரோடிருக்கும்.

இன்றைய முகவரி

1991-இல் அந்தக் களத்தின் பெயரிலிருந்து கஸ்டர் நீக்கப்பட்டு, லிட்டில் பிக்ஹார்ன் போர்க்கள தேசிய நினைவிடம் ஆனது. 2003-இல் வீரர்களுக்கும் நினைவகம் திறந்தார்கள். நினைவிடத்தின் பழைய கட்டடத்தில் பாதுகாப்புப் போதாது என்று சேகரிப்பை 2011-இல் அரிசோனாவின் டூசான் நகரிலுள்ள பூங்காத் துறைக் காப்பகத்துக்கு மாற்றினார்கள்.

ஏலக்கடையிலும் இதேபோன்ற கூடு கிடைக்கும். அதே ஆயுதசாலை, அதே செம்பு, அதேபோன்ற ஊசித் தடம். சில வேளை அதே களம். ஆனால் அதை முதலில் எடுத்தவர் எந்த இடத்தில் எடுத்தார் என்று எழுதி வைக்கவில்லை என்றால், அது வெறும் பழைய செம்பு. வரைபடத்தில் ஒரு புள்ளியாக ஏறிய கூடுதான் ஒரு ரெஜிமென்டின் நகர்வைப் பேசுகிறது. கண்ட இடத்திலேயே அதன் முழு மதிப்பும் இருக்கிறது.

அமெரிக்கப் பொது நிலத்தில் இத்தகைய தொல்பொருளை எடுப்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகவும் அதை மதிக்கலாம். எந்த நாட்டிலானாலும் பழைய களத்திலோ மேட்டிலோ கால் வைக்கிறவர்கள், கண்ணில் பட்டதைத் தொடாமல், இருக்கும் இடத்தைக் குறித்து உரியவர்களிடம் சொல்லுங்கள். கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால், அது எங்கே கிடந்தது என்பதை எந்த நுண்ணோக்கியாலும் திரும்பப் பெற முடியாது.